ஒரு சொல்லை நம்பி வித்த போட்

மாமாவின் போட்டை வாங்க வந்தவர் முதலில் எஞ்சினைத்தான் பார்த்தார். மூடியைக் கழற்றி, கயிற்றை ரெண்டு தரம் இழுத்து, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகுதான் பைபர் உடம்பைத் தட்டிப் பார்த்தார். மாமா வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு இருந்தார். விலை பேசியது மாமி. நாங்கள் நாலு பேரும் வேலியோரமாக நின்றுகொண்டிருந்தோம்.

அது போன வருசம் பங்குனி. வாடைக்காற்று அடங்கி, வாகரைக் கரையில் எல்லாரும் வலை பொத்திக்கொண்டிருக்கிற காலம். அந்த நேரத்தில் போட்டை விற்கிற ஆள் யாருமில்லை. அப்படி விற்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று வாங்க வந்தவருக்கும் விளங்கியிருக்கும், அவர் அதற்கேற்ற மாதிரித்தான் விலை கேட்டார்.

அந்தக் காரணம் நாங்கள்தான். இதை எழுத ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது.

நாங்கள் வந்தாறுமூலையில் கலைப் பீடத்தில் படிக்கிறோம். நாலு பேரில் ஒருத்திக்கு மட்டும்தான் அவர் சொந்தத் தாய்மாமன். மற்ற மூன்று பேரும் லீவுக்கு வாகரைக்குப் போய்ப் போய், பனிச்சங்கேணி நண்டுக்கறியைத் தின்று தின்று, அவரை மாமா என்றே கூப்பிடப் பழகிவிட்டோம். அந்த போட் அவருடைய மூன்றாவது போட். முதலாவதை 2004 மார்கழி 26 சுனாமி கொண்டுபோனது. ரெண்டாவதை 2006 கடைசியில் செல்லடிக்குள் கரையில் விட்டுவிட்டு ஓடியது, திரும்பி வந்தபோது இல்லை. மூன்றாவது எப்படிப் போனது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

அதற்கு முந்திய ஆவணியில் அவருக்கு இருமல் தொடங்கியது. பதினாறு வயசிலிருந்து பீடி குடிக்கிற மனுசன், இருமலை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் மாமி இழுத்துக்கொண்டு போனா. சயரோகம் என்று நினைத்துச் சளியைச் சோதித்தார்கள், அது இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் ஒரு கட்டி. கார்த்திகையில் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த மேல் மடலையே வெட்டி எடுத்தார்கள். வெட்டினவர்கள் நன்றாகத்தான் வெட்டினார்கள், அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே பேசினது சிங்களம், எழுதினது ஆங்கிலம், கேட்டவர் தமிழ். தை மாசம் பயொப்சி ரிப்போர்ட் கைக்கு வந்தபோது அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

"கம்பஸ் புள்ளையள்தானே, பாத்துச் சொல்லுங்க மனே" என்று மாமி அதை எங்களிடம் தந்தா.

எங்களில் ஒருவர் சமூகவியல், ஒருவர் புவியியல், ரெண்டு பேர் தமிழ். நாங்கள் கடைசியாகப் படித்த விஞ்ஞானம் சாதாரண தரப் பரீட்சைக்கு. ஆனாலும் மறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ரிப்போர்ட் ரெண்டு பக்கம். அளவுகள், கணக்குகள், எங்களுக்கு வாயில் நுழையாத சொற்கள். நடுவில் ஒரு வரியில் கட்டியைச் சுற்றியிருந்த திசுவைப் பற்றி 'ரிச்லி வஸ்குலர்' என்று இருந்தது. ரத்தக் குழாய்கள் செறிந்தது என்று அர்த்தம். விளங்கின ஒரே வரி அது. விளங்கின வரியைப் பிடித்துக்கொண்டு ஹொஸ்டலில் இரவிரவாகத் தேடினோம்.

தேடத் தேட எங்களுக்கு ஒரு அருமையான கதை கிடைத்தது. உண்மையிலேயே அருமையான கதைதான். 1960களில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறார். முயலின் தைரொயிட் சுரப்பியைக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் உயிரோடு வைத்து, அதற்குள் புற்றுக் கலங்களை விட்டுப் பார்க்கிறார். ஒன்று, ரெண்டு மில்லிமீற்றர் வரைக்கும் கட்டி வளர்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. அதே கட்டியை எடுத்து உயிருள்ள எலிக்குள் வைத்தால் மளமளவென்று வளர்கிறது. என்ன வித்தியாசம்? உயிருள்ள உடம்பில் புது ரத்தக் குழாய்கள் கட்டியைத் தேடிப் போகின்றன. ஒரு கலம் ரத்தக் குழாயிலிருந்து மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, ரெண்டு தூரத்துக்கு அப்பால் போனால் ஒட்சிசன் எட்டாது. ஆகவே கட்டி பெருக வேண்டுமென்றால் புதுக் குழாய்களை வரவழைக்க வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம். இதை 1971இல் அவர் எழுதினார். பல வருசம் அதை யாரும் பெரிதாக நம்பவில்லை. பிறகு குழாய்களை வரவழைக்கிற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தடுக்கிற பெவசிசுமாப் என்ற மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தனியொருவர் சொன்னதை உலகம் சிரித்து, பிறகு ஒத்துக்கொண்ட கதை. ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதற்குள்ளேயே நாங்கள் தேடினதும் இருந்தது. கட்டிக்குப் புதுக் குழாய் தேவை என்றால், குழாய் கூடின கட்டி மோசமான கட்டியாக இருக்க வேண்டும் அல்லவா? 1991இல் மார்புப் புற்றில் அப்படித்தான் என்று ஒரு ஆய்வு சொன்னது. வெட்டியெடுத்த கட்டியை மெல்லிசாகச் சீவி, குழாய்ச் சுவருக்கு மட்டும் நிறம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் குழாய் அதிகமாகத் தெரிகிற இடத்தைத் தேடி எண்ணுகிற முறை. அடுத்த வருசம் இத்தாலியின் பீசாவில் நுரையீரல் கட்டிகளை எண்ணி, லான்செட் சஞ்சிகையில் அதே மாதிரியான முடிவைச் சொன்னார்கள். (அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பவுலோ மக்கியரினி. செயற்கை மூச்சுக்குழாய் வைத்து நோயாளிகள் இறந்த விசயத்தில் 2023இல் சுவீடன் மேன்முறையீட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது இவருக்குத்தான். அந்தக் கதைக்கும் இந்த எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் பெயரைப் பிறகு கண்டபோது திடுக்கிட்டோம்.) அதற்குப் பிறகு நிறையக் கட்டுரைகள். 2002இல், வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்த ஒரு கட்டுரையும் அதையே சொன்னது: குழாய் கூடினால் ஆயுள் குறைவு.

ஒன்றல்ல, இத்தனை ஆய்வுகள். சந்தேகப்பட எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாழைச்சேனையில் பஸ் மாறி வாகரைக்குப் போனோம். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றுதான் பேசினோம், சொல்லலாமா என்று பேசவில்லை. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த பிறகு, மாமா இல்லாத நேரம் பார்த்துச் சொன்னோம். "வெட்டினது நல்லது மாமி. ஆனா இது கொஞ்சம் வேகமான சாதி போல இரிக்கு. திரும்ப வர வாய்ப்பு கூடவாம்." பொய் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தோம். மாமி ஒன்றும் கேட்கவில்லை. கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான்.

மறுகா நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. திரும்ப வந்தால் கொழும்புக்கு அலைய வேண்டும், வெளியில் ஸ்கேன் எடுக்க வேண்டும், கூடப் போகிறவருக்குத் தங்க இடம் வேண்டும். கடைசி மகள் இன்னும் படிக்கிறாள். காசாக மாற்றக்கூடியது போட் ஒன்றுதான். இனி மாமா கடலுக்குப் போகப்போவதில்லை என்று வீட்டுக்குள் எல்லாருமே, அவரைக் கேட்காமலே, முடிவெடுத்திருந்தார்கள்.

ஆறு மாசம் கழித்து ஆய்வு முறையியல் வகுப்பில் விரிவுரையாளர் 'லாச்சிப் பிரச்சினை' என்று ஒன்றைச் சொன்னார். 1979இல் ரொபர்ட் ரொசென்தால் என்ற உளவியலாளர் வைத்த பெயர். எதிர்பார்த்த முடிவு கிடைத்த ஆய்வு சஞ்சிகைக்குப் போகும். ஒன்றும் கிடைக்காத ஆய்வு மேசை லாச்சிக்குள் போகும். சஞ்சிகைகளை மட்டும் வாசிக்கிறவர் உலகத்தைப் பிழையாக விளங்கிக்கொள்வார்.

இதை விளங்கப்படுத்த எங்களுக்கு வாகரைக் கரை போதும். விடியக் காலையில் கரையில் போய் நின்று பாருங்கள். பெட்டி நிறைய மீன் கொண்டுவந்தவர் கரையிலேயே நின்று கதைப்பார், எங்கே வலை போட்டார், எத்தனை பாகம் ஆழம், எல்லாம். வெறும் வலையோடு வந்தவர் ஒன்றும் பேசாமல் எஞ்சினைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கரையில் நின்று கேட்கிறவருக்குக் கடல் முழுக்க மீன்தான்.

வகுப்பு முடிந்ததும் நாலு பேரும் ஆளை ஆள் பார்த்தோம். அன்றைக்குப் பின்னேரமே திரும்பவும் தேடினோம். இந்த முறை 2002இல் நிற்காமல் மேலே போனோம்.

2007இல் லான்செட்டின் புற்றுநோய்ச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை இருந்தது. ஒக்ஸ்ஃபோர்ட்டில் இருந்த மரியலேனா திரிவெல்லா என்ற புள்ளிவிபரவியலாளரும் கூட்டத்தினரும் செய்தது. அவர்கள் வெளிவந்த கட்டுரைகளின் முடிவுகளைக் கூட்டிப் பார்க்கவில்லை. குழாய் எண்ணின ஆய்வு நிலையங்களிடமே போய், ஒவ்வொரு நோயாளியின் மூலக் கணக்கையும் கேட்டு வாங்கினார்கள். பிரசுரமானதையும் வாங்கினார்கள், பிரசுரமாகாமல் கிடந்ததையும் வாங்கினார்கள். மொத்தம் 3200 நோயாளிகள். எல்லாரும் மாமா மாதிரி, நோய் வேறிடத்துக்குப் பரவாமல் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். முடிவு இதுதான்: இப்படியானவர்களில் குழாய் எண்ணிக்கையை வைத்து யார் எவ்வளவு காலம் இருப்பார் என்று சொல்ல முடியாதது போலத்தான் தெரிகிறது. வெளிவந்ததை மட்டும் கூட்டினால் வருகிற முடிவுக்கு இது நேர்மாறு என்பதையும் அவர்களே எழுதியிருந்தார்கள்.

2007 தையில்தான் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனது. எங்களில் வாகரைக்காரிக்கு அப்போது மூன்று வயசு, முகாமில் இருந்திருக்கிறாள். அந்த வருசமே இந்தக் கட்டுரை வெளிவந்துவிட்டது. நாங்கள் ரிப்போர்ட்டைக் கையில் எடுக்கும்போது அதற்குப் பதினெட்டு வயசுக்குக் கிட்ட. தேடினால் கிடைக்கிற இடத்தில்தான் இருந்தது, நாங்கள் தேடுவதை முதலே நிறுத்திவிட்டோம்.

எப்படி இத்தனை ஆய்வுகள் பிழைத்தன? லாச்சி மட்டும் காரணமில்லை. அதே கூட்டத்தில் இருந்த டக்ளஸ் ஓல்ட்மன் 1994இலேயே ஒரு விசயத்தை எச்சரித்திருந்தார். நாங்கள் அதை மீன் பெட்டியை வைத்துத்தான் விளங்கிக்கொண்டோம். ஒரு பெட்டி மீனைப் 'பெரிசு', 'சின்னன்' என்று பிரிக்க வேண்டும். எத்தனை அங்குலத்துக்கு மேல் பெரிசு என்று முதலே சொல்லிவிட்டுப் பிரித்தால் அது கணக்கு. எல்லாவற்றையும் விற்று முடித்த பிறகு, எந்த இடத்தில் கோடு போட்டால் பெரிசுக்கும் சின்னனுக்கும் விலை வித்தியாசம் ஆகக் கூடத் தெரிகிறதோ அந்த இடத்தில் கோடு போட்டால்? 'குழாய் கூடின கட்டி', 'குழாய் குறைந்த கட்டி' என்று பிரிக்கிற கோட்டை ஒவ்வொரு ஆய்வுகூடமும் தன் பாட்டில் போடலாம். யார் எப்போது செத்தார் என்ற விபரம் கையில் இருக்கும்போது போட்டால், இல்லாத தொடர்பும் இருக்கிற மாதிரி வரும். எண்ணுகிற இடத்தையும் ஆள்தான் தெரிவு செய்கிறார். யாரும் களவு செய்ததாக இதற்கு அர்த்தமில்லை. நாங்களும் ஒரு பக்கத்தில் இருந்த எத்தனையோ வரிகளில் எங்களுக்குப் பிடிபட்ட ஒன்றைத்தானே தெரிவு செய்தோம்.

அப்படியென்றால் ஃபோக்மன் பிழையா? இல்லை. ஆனால் நுரையீரல் ஒரு தனி இடம். அது முழுக்க ஏற்கனவே மெல்லிய ரத்தக் குழாய்களால் ஆனது. ஃபிரான்செஸ்கோ பெசெல்லாவும் கூட்டத்தினரும் 1997இல் காட்டினார்கள்: சில நுரையீரல் கட்டிகள் புதுக் குழாய் ஒன்றையும் வரவழைப்பதில்லை. காற்றறைகளுக்குள் நிரம்பி, அங்கே இருக்கிற பழைய குழாய்களையே பாவித்துக்கொண்டு வளர்கின்றன. கிணறு வெட்டுகிற வேலையே இல்லை, பக்கத்து வளவுக் கிணற்றில் வாளியைப் போடுகிற மாதிரி. சுனாமிக்குப் பிறகு கிணறெல்லாம் உப்பாகிப்போன ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புதுக் கிணற்றை எண்ணி, யார் வீட்டில் எவ்வளவு தண்ணி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மருந்து விசயத்திலும் இதே மாதிரி ஒன்று. பரவிவிட்ட ஒரு வகை நுரையீரல் புற்றில், வழக்கமான மருந்தோடு பெவசிசுமாப்பையும் சேர்த்தால் நடுத்தர ஆயுள் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாகக் கூடியது. 2006இல் வந்த முடிவு. ரெண்டு மாசம். ரெண்டு மாசம் சின்ன விசயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் வெட்டியெடுத்த பிறகு, திரும்ப வராமல் தடுக்க இதைக் கொடுக்கலாமா என்று 1501 பேரில் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆயுள் கூடவில்லை. இது லாச்சிக்குள் போகாமல் அச்சுக்கு வந்தது என்பதை இப்போது கவனிக்கிறோம்.

இவ்வளவும் வாசித்த பிறகு ரிப்போர்ட்டின் படத்தை போனில் திரும்ப எடுத்துப் பார்த்தோம். கட்டி 3.4 சென்ரிமீற்றர். வெட்டின விளிம்பில் புற்று இல்லை. எடுத்துப் பார்த்த நிணநீர்க் கணுக்கள் ஒன்றிலும் புற்று இல்லை. ரத்தக் குழாய்க்குள் புற்று நுழைந்திருக்கவில்லை என்று தனியாக ஒரு வரி. குழாய் நிறைய இருப்பது வேறு, குழாய்க்குள் புற்று நுழைவது வேறு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ரெண்டாவதுதான் டொக்டர்மார் உண்மையில் கவனிக்கிறது, அது மாமாவுக்கு இல்லை. நல்ல செய்தி அதே பக்கத்தில், நாங்கள் பிடித்துக்கொண்ட வரிக்கு நாலு வரி கீழே இருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு நாங்களும் கூடப் போனோம். டொக்டர் தமிழ். ஒரு நிமிசம் கூட எடுக்கவில்லை. "அந்தச் சொல்லை விடுங்க. கட்டின்ட அளவு, கணு, விளிம்பு. இவருக்கு முதலாம் நிலை." உலக அளவில் சேர்த்த கணக்கின்படி, இந்த அளவில் வெட்டியெடுத்தவர்களில் நூற்றுக்கு 73 பேர் ஐந்து வருசம் தாண்டி இருந்திருக்கிறார்கள். அந்த எண்ணை நாங்கள் வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தோம்.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மாமியிடம் ரகசியமாகச் சொன்னது அவருக்கு எப்பவோ தெரியும். வாகரையில் வீட்டுச் சுவருக்குள் எது நிற்கும்? வேப்பமரத்தடியில் வலை பொத்திக்கொண்டு இருந்தார், வேறொருவரின் வலை. நாங்கள் முழுவதையும் சொன்னோம், மீன் பெட்டி, கிணறு எல்லாம் சேர்த்து. கரைக்கு வந்து கதைக்கிறவர், கதைக்காமல் போகிறவர் என்ற இடத்தில் சிரித்தார்.

"அப்ப எனக்கு ஒண்டுமில்லையா?"

"அப்படிச் சொல்லேலாது மாமா. நூறு பேர்ல எழுவத்தி மூண்டு."

கொஞ்ச நேரம் ஊசியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். "அந்த எழுவத்தி மூண்டு பேரும் பீடி குடிக்கிறவங்களா, குடிக்காதவங்களா?"

அப்போதுதான் கவனித்தோம். அவர் காதில் ஒரு பீடி செருகியிருந்தது. ஒப்பரேசனுக்குப் பிறகு மூன்று மாசம் அவர் பீடியைத் தொடவில்லை. நாங்கள் சனிக்கிழமை வந்து போன கிழமையிலிருந்து திரும்பவும் தொடங்கியிருக்கிறார். மாமி பிறகு சொன்னா: "போறதுதானே போகுது எண்டுதான் குடிக்கிறார்."

போட்டை விற்றதைப் பற்றித்தான் நாங்கள் இவ்வளவு நாளும் நித்திரையில்லாமல் இருந்தோம். இது எங்களுக்குத் தெரியாது.

அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. 2010இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வு. ஆரம்ப நிலையில் நுரையீரல் புற்று கண்டுபிடிக்கப்பட்ட 65 வயசுக்காரர்களில், புகைப்பதை விட்டவர்களில் நூற்றுக்கு 70 பேரும், தொடர்ந்து புகைத்தவர்களில் 33 பேரும் ஐந்து வருசம் தாண்டுவார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். இந்த முறை அதற்குப் பிறகு யாராவது மறுத்து எழுதியிருக்கிறார்களா என்றும் தேடிப் பார்த்து, டொக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் சொன்னோம். அவர் எண்ணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பீடியை விடச் சொல்லுங்கள் என்றார்.

எழுபதும் முப்பத்து மூன்றும். குழாய் எண்ணின அத்தனை கட்டுரையையும் விட இந்த ரெண்டு எண்ணைத்தான் நாங்கள் அந்தச் சனிக்கிழமை கொண்டுபோயிருக்க வேண்டும்.

போட்டைத் திரும்ப வாங்க முடியவில்லை. அது இப்போது காயான்கேணிப் பக்கம் ஓடுகிறது. மாமா காற்றில்லாத நாட்களில் பங்குக்குப் போகிறார், கரவலை இழுக்க மட்டும் விடமாட்டார்கள், மூச்சு வாங்கும். வாங்கினவரைக் கரையில் கண்டால் எஞ்சின் எப்படி என்று மட்டும் கேட்பார். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன். இதுவரைக்கும் எடுத்ததில் ஒன்றுமில்லை.

போன கிழமை போனபோது, ஒரு நாளைக்கு எத்தனை பீடி மாமா என்று கேட்டோம்.

"ரெண்டு" என்றார்.

மாமி பின்னால் குசினி வாசலில் நின்று நாலு விரலைக் காட்டினா.